ஹசன் பாயின் நீலம்

இனாமுல் ஹசனின் இரண்டு கைகளும் முழங்கை வரை நீலத் தண்ணீருக்குள் இருந்தன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கட்டும் வெள்ளைக் கைலியை வாளியில் முக்கி, பிழிந்து, வெயிலுக்கு நேராக விரித்துப் பார்த்தார். மனசு நிறையவில்லை. இன்னும் நாலு சொட்டு நீலம் விட்டு மறுபடியும் முக்கினார்.

"போதும் தம்பி. இதுக்கு மேல விட்டா அதுக்கு வெள்ளைக் கைலின்னு பேரு சொல்ல முடியாது" என்றேன், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று.

"மஞ்சளாவே இருக்குக்கா. இப்ப வர்ற சோப்புல ஒண்ணுமில்ல."

கொடியில் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்த மூன்று கைலிகளும் தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கிற பெயிண்ட் நிறத்தில் இருந்தன. பள்ளிவாசலில் அவருக்குப் பின்வரிசையில் நிற்கும் அல்லாபிச்சை, "மாமு, உங்க பின்னாடி நின்னா ஏசி ரூம்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். ஹசன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

காரைக்குடியில் நாடகங்களுக்கு விளக்கு அமைப்பவர் அவர். வயது அறுபத்திரண்டு. அடுத்த வீட்டில் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களைக் கவனித்தே காலம் போனது. அதனால் ஒருவர் எப்படி நடக்கிறார், எதைத் தடவுகிறார், எதை விட்டு ஒதுங்குகிறார் என்பதெல்லாம் கண்ணில் படும். அப்படியிருந்தும் இந்த நீல விஷயத்தில் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த வெட்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹசன் முதலில் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருந்தார். இருபத்துநாலு வயதில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சுவிட்சு போடப் போனவர், ராஜா சாவதற்கு முன்பே விளக்கை அணைத்துவிட்டார். ராஜாவாக நடித்த கணக்கு வாத்தியார் வேறு வழியில்லாமல் இருட்டுக்குள்ளேயே கடைசி வசனத்தைப் பேசி முடித்துச் செத்தார். அன்றைக்கு விழுந்த கைதட்டல் அந்தப் பள்ளியில் அதற்கு முன்னும் பின்னும் விழவில்லை. அடுத்த வருடம் வேண்டுமென்றே அணைக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "அன்னைக்குத்தான்க்கா தெரிஞ்சது, இருட்டும் நம்ம சரக்குதான்னு" என்பார். தவறையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அதை ஒப்புக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. பேசுகிறவர் முகத்தில் வெளிச்சத்தைக் கொட்ட மாட்டார். "பேசுறவன் வாயிலேருந்து வர்றது காதுல விழுந்துரும். அதைக் கேக்குறவன் மூஞ்சி என்ன ஆகுதுன்னு நாமதான் காமிக்கணும்" என்பார். ஒரு நாடகத்தில் மாமியார் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் திட்டுவார். ஹசன் மாமியாரை அரை இருட்டில் நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்ற மருமகள் மேல் விளக்கை வைத்தார். சனங்கள் உருகிப் போனார்கள். மாமியாராக நடித்த அம்மாள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

இன்னொரு பழக்கம், ஒயர் கூடை. ஒத்திகைக்குப் போகும்போது ஒரு தக்காளி, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கத்தரிக்காய், ஒரு வெள்ளைத் துணி ஆகியவற்றைக் கூடையில் எடுத்துப் போவார். புதிதாக எந்த விளக்கை மாட்டினாலும் அதன் கீழே இவற்றைப் பரப்பி வைப்பார். தக்காளி தக்காளியாகவும் கத்தரிக்காய் கத்தரிக்காயாகவும் தெரிந்தால்தான் அந்த வெளிச்சத்துக்குள் ஆள் நிற்கலாம். "காய்கறிக்கு ஆகாத வெளிச்சம் மனுசனுக்கும் ஆகாது." சோதனை முடிந்ததும் காய் திரும்ப வீட்டுக்கு வந்து குழம்பாகிவிடும். அவர் மனைவி அஜீஸா, "எங்க வீட்டுக் கத்தரிக்காய்க்கு மட்டும்தான் மேடை அனுபவம் உண்டு" என்பாள்.

இத்தனை ஒழுங்காக இருந்த மனிதரின் வெளிச்சம்தான் இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் பாரித்துக்கொண்டே போனது. முதலில் அந்திவேளை நீலமானது. பிறகு விடியற்காலை. பிறகு மத்தியானம். போன மாசியில் தேவகோட்டையில் போட்ட நாடகத்தில் கல்யாணக் காட்சி. மணப்பெண்ணாக வந்தவள் அகல்யா, தாலுகா ஆபீசில் வேலை பார்ப்பவள். மணவறையில் அவள் வந்து உட்கார்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏலேய், பொண்ணு விஷத்தக் குடிச்சிருச்சுடோய்!" என்றது. தாலி கட்டி முடியும் வரை சிரிப்பு நிற்கவில்லை.

ஹசன் வீட்டுக்கு வந்து, புது மாடல் விளக்குகளைத் திட்டினார். சோப்பையும் விளக்கையும் ஒரே கம்பெனிக்காரன் செய்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மெய்யநாதன் சார் அவர் வீட்டுக்கு வந்தார். சார் தேவகோட்டையில் தலைமையாசிரியர். பதினோரு பேரைச் சேர்த்துக் காரைக்குடியில் நாடகக் குழு நடத்துபவர். ஹசன் இருபது வருடமாக விளக்கு வைப்பது அந்தக் குழுவுக்குத்தான். சாரோடு அகல்யாவும் வந்திருந்தாள். நான் அஜீஸாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் இரண்டு தம்ளர் தேநீர் குடித்தும் வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. மூன்றாவது தம்ளருக்கு அஜீஸா எழுந்தபோதுதான் வாய் திறந்தார்.

"ஹசன் பாய், கண்டனூர்ல ராமநாதன் செட்டியார் வீட்டு எண்பதாம் கல்யாணத்துக்கு நம்ம நாடகத்தக் கேட்டிருக்காக. 'ஒன்பது சாவி'. வீட்டு வளவுலயே போடணும்."

"ரொம்பச் சந்தோசம் சார். வளவுன்னா மேல தொறந்த வெளி. சாயங்காலம் ஏழு மணிக்கு வச்சுக்கிட்டா…"

"அதான்… பெரிய வீடு. உங்களுக்கும் அலைச்சல். மதுரையில ஒரு ஆளு இருக்காராம். எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே ஏத்தி எறக்கிருவாராம். நீங்க சும்மா வந்து மொத வரிசையில உக்காந்து…"

அஜீஸா தம்ளரோடு நின்றாள். "சார், எங்க வீட்டுக்காரரு வேணாங்கிறீகளா?"

"சேச்சே, அப்படிச் சொல்லுவனாம்மா?"

"அப்ப வேணுங்கிறீகளா?"

சார் மின்விசிறியைப் பார்த்தார். 

ஹசன் எழுந்து உள்ளே போய் ஒயர் கூடையையும் ஒரு விளக்கையும் கொண்டுவந்தார். ஜன்னல்களைச் சாத்தினார். கை வழக்கம்போல நிதானமாக வேலை செய்தது. முக்காலியில் வெள்ளைத் துணியை விரித்து, தக்காளி, எலுமிச்சை, கத்தரிக்காயை வரிசையாக வைத்தார். விளக்கு முகத்தில் நீலக் கண்ணாடித்தாள், மஞ்சள் கண்ணாடித்தாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, கடைசியில் நிறுத்தினார்.

"இதான் கண்டனூர் வளவுல விழுகுற மத்தியான வெயிலு. மதுரைக்காரர இத வைக்கச் சொல்லுங்க பாப்பம்."

நாங்கள் நாலு பேரும் முக்காலியைப் பார்த்தோம். வெள்ளைத் துணி கொடியில் காயும் கைலி போல இருந்தது. எலுமிச்சம்பழத்தில் களிம்பு ஏறியிருந்தது. தக்காளி கறுப்பு.

"அய்யோ, காலையிலதானே வாங்குனேன், அழுகிப்போச்சே!" என்று அஜீஸா தக்காளியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"என்ன அழுகிப்போச்சு? செக்கச் செவேல்னு இருக்கு."

"கறுப்பா இருக்குங்க."

"செவப்பா இருக்குடி. சார், நீங்க சொல்லுங்க."

சார் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். அகல்யாதான் கைப்பையைத் திறந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக" என்று ஒரு சிறிய டப்பாவை எடுத்து முக்காலியில் வைத்தாள். உள்ளே மஞ்சளும் காவியும் கலந்த முகப்பூச்சு. "இது உங்க வெளிச்சத்துக்குன்னே நான் தனியா கொழைச்சு வச்சிருக்கிறது. ரெண்டு வருசமா பூசிக்கிட்டு வாரேன். மொதல்ல கொஞ்சமாத்தான் பூசுனேன். நீங்க நீலத்த ஏத்த ஏத்த நானும் இத ஏத்திக்கிட்டே வந்தேன்."

ஹசன் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடிப்பாவி! ஒம் மூஞ்சி ஆட்டத்துக்கு ஆட்டம் மஞ்சளாகிக்கிட்டே போகுதேன்னுதானே நான் நீலத்த ஏத்துனேன்! காமாலையோன்னு பயந்து கீழாநெல்லி குடிக்கச் சொல்லலாம்னு கூட நெனச்சேன்!"

"நீங்க ஏத்துனதாலதான்ணே நான் பூசுனேன்!"

"நீ பூசுனதாலதான்மா நான் ஏத்துனேன்!"

சாரும் அப்போது ஒரு உண்மையைச் சொன்னார். வெள்ளைப் புடவை கட்ட வேண்டிய பாட்டி வேடத்துக்கு அவர் ஒரு வருடமாகக் காவிப் புடவை கொடுத்து வந்திருக்கிறார். கேட்டவர்களிடம் பாட்டி துறவு வாங்கிவிட்டதாகச் சொன்னாராம். குழுவில் மற்றவர்களும் ஆளுக்கொரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒருவராவது வாய் திறந்து, பாய் வெளிச்சம் சரியில்லை என்று சொல்லவில்லை. மரியாதை. நான் பார்த்த வரை நம் ஊரில் பெரியவர்களுக்கு நோய் முற்றுவதற்கு மரியாதைதான் முதல் காரணம்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஜன்னல்களைத் திறந்தேன். அலமாரியில் கிடந்த இரண்டு கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தேன். ஒன்று வெள்ளைத் தாள், ஒன்று சந்தன நிறம்.

"தம்பி, இதுல வெள்ளை எது?"

"ரெண்டும் ஒரே தாளுதானேக்கா."

டார்ச்சை வாங்கி அவர் கண்ணில் அடித்துப் பார்த்தேன். பாவைக்குள் வெல்லப்பாகு நிறத்தில் படர்ந்திருந்தது. இரண்டு கண்ணிலும்.

"கண்ணுல பொரை விழுந்திருக்கு. ராத்திரியில எதிர்ல வர்ற வண்டி விளக்கு சக்கரம் சக்கரமாத் தெரியுதா?"

"அது… எல்லாருக்கும் அப்படித்தானே தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியாது. ரெண்டு வருசமா டீத்தண்ணி வழியா ஒலகத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீக. வெள்ளை மஞ்சளாத் தெரியும், நீலம் மங்கிப்போகும். குறையுதேன்னு நீங்க நீலத்த ஊத்திக்கிட்டே இருந்திருக்கீக. கைலியிலயும் சேத்து."

ஹசன் உட்கார்ந்துவிட்டார்.  பிறகு அவர் கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"கண்ணுல கைய வச்சா, நாப்பது வருசமா நான் பழகுன நெறமெல்லாம் போயிராதா அக்கா?"

"அதெல்லாம் ஏற்கெனவே போயிருச்சு தம்பி. திரும்ப வாங்கிட்டு வரத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மெய்யநாதன் சார் நல்ல மனிதர். ஆனால் குழு நடத்துகிறவர். உண்மை ஒருமுறை வெளியே வந்துவிட்டதால் அவருக்கும் தைரியம் வந்துவிட்டது. "பாய், கண்டனூர்ல விளக்கு ஒத்திகைக்கு இருபத்திரண்டு நாள் இருக்கு. அன்னைக்கு உங்க வெளிச்சத்தப் பாக்கிறேன். சரியா இருந்தா இந்த நாடகம் மட்டுமில்ல, எப்பவும்போல எல்லா நாடகமும் நீங்கதான். சரியில்லைன்னா அங்க இருந்தே மதுரைக்குப் போன் போடுவேன்" என்றார்.

"போடுங்க" என்றார் ஹசன். 

இருபதடி மூங்கில் ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் விளக்கு மாட்டுகிற ஆள், ஊசி என்றால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். துருப்பிடித்த கம்பி குத்தியபோது டெட்டனஸ் ஊசி போடவே நானும் அஜீஸாவும் அரை நாள் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறோம். இந்த முறை தாழ்ப்பாள் போடவில்லை. ஐந்தாம் நாள் காரைக்குடிக் கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு அறுவை.  உள்ளே போகும்போது வாயில் ஓதல் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் வெளியே வந்தார். "வலிச்சதா?" என்று அஜீஸா கேட்டதற்கு, "தெரியல, நான் கண்ண மூடிக்கிட்டேன்" என்றார். அது எப்படி முடியும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் கட்டுப் பிரித்தார்கள். சுவரைப் பார்த்தார். நர்சின் தொப்பியைப் பார்த்தார். அப்புறம் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார்.

"இது யாரு கைலி?"

"உங்களதுதான்" என்றாள் அஜீஸா.

"இதக் கட்டிக்கிட்டா பள்ளிவாசலுக்குப் போனேன்?"

"ரெண்டு வருசமா."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேன். சோப்பு சரியில்லைன்னீக."

குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, ஏணி ஏறவே கூடாது. சொட்டு மருந்துக்கான நேரங்களைத் தாளில் எழுதி அவர் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒட்டினேன். முதல் நாலு நாள் சரியாக இருந்தார். ஐந்தாம் நாள் கொல்லைப்பக்கம் ஏணியைத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார். அன்றே அதை என் வீட்டுக்குத் தூக்கி வந்து பூட்டிவிட்டேன்.

ஒத்திகை நாளன்று கண்டனூருக்கு அஜீஸாவோடு நானும் போனேன். மருந்து விட ஆள் வேண்டும் என்பது காரணம். செட்டியார் வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடப்பது. விசேஷத்துக்காகத் திறந்து, கழுவி, வெள்ளையடிக்க வேண்டியதை வெள்ளையடித்திருந்தார்கள். வளவைச் சுற்றித் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு பூசி இழைத்த சுவர்கள் கண்ணாடி மாதிரி. ஆறு மணி ஒத்திகைக்கு ஹசன் பதினோரு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். அது அவர் வழக்கம். ஒரு நாற்காலியைப் போட்டு, மேலேயிருந்து வெயில் எந்தத் தூணில் இறங்கி எந்தத் தூணில் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "வீடு எப்படி விளக்கு வைக்குதுன்னு மொதல்ல பாக்கணும். அதுக்கு அப்புறந்தான் நாம" என்றார். சமையலுக்கு வந்த ஆட்கள் அவரை, வேலை இல்லாத பெரியவர் என்று நினைத்து மோர் கொடுத்தார்கள். குடித்தார்.

விளக்கு மாட்டும் நேரம் வந்தது. ஹசன் ஏறக் கூடாது. அகல்யாவுக்குப் புடவை. மற்றவர்கள் இன்னும் ஆபீசிலிருந்து வந்து சேரவில்லை. மெய்யநாதன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"அங்குட்டுத் திருப்புங்க சார். இன்னும் அங்குட்டு. ரொம்பப் போயிட்டீக, இங்குட்டு வாங்க. சார், எடது கைப்பக்கம். அது வலது."

"எனக்கு எடது வலது தெரியும் பாய்."

"தெரியும் சார், தெரியும். ஆனா எடது கைப்பக்கம்."

முக்கால் மணி நேரம் சார் மேலேயே இருந்தார். கீழே வெள்ளைத் துணி, தக்காளி, எலுமிச்சை, கத்தரிக்காய் வரிசையாக இருந்தன. ஹசன் நீலத்தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். கடைசி ஒன்று மிச்சம் இருக்கும்போது அகல்யா வேடத்தோடு வந்து நின்றாள். பயத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பூசியிருந்தாள். முகம் பழுத்த பப்பாளி.

"மூஞ்சியக் கழுவிட்டு வாம்மா."

"கழுவிருவேண்ணே. அப்புறம் நீங்க ஏத்திற மாட்டீகளே?"

"நீ மொதல்ல கழுவு."

"நீங்க மொதல்ல எறக்குங்க."

"நான் எறக்கி, நீ கழுவலைன்னா?"

"நான் கழுவி, நீங்க எறக்கலைன்னா? இன்னொரு தடவ விஷம் குடிச்ச பொண்ணா உக்கார என்னால ஆகாதுண்ணே."

ஏணி மேலிருந்து சார் அதட்டினார். "நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்றேன். மூணு சொன்னதும் நான் இந்தத் தாளக் கழட்டுவேன், அந்தப் பொண்ணு தண்ணிய ஊத்தணும். ஒண்ணு…"

மூன்று சொன்னதும் இரண்டும் ஒன்றாக நடந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு அகல்யா வெளிச்சத்துக்குள் வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் முகம் அவள் முகமாகவே இருந்தது. மாநிறம். கன்னத்தில் ஒரு மச்சம். அந்த மச்சம் இருப்பதையே நாங்கள் மறந்து போயிருந்தோம். முக்காலியில் தக்காளி சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

சார் கீழே இறங்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. ஏணி உச்சியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹசனும் அவரைக் கேட்கவில்லை. அவர் வேறு ஒரு வேலையில் இருந்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார். திறந்துவிட்டு இடது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி வலது.

"யாரப் பாத்துக் கண்ணடிக்கிறீக? நான் இங்க இருக்கேன்" என்றாள் அஜீஸா.

"செத்த சும்மா இரு. அகல்யா, அந்தச் சாவிக்கொத்த எடுத்துக்கிட்டு நில்லும்மா. எட்டாவது காட்சி."

'ஒன்பது சாவி'யில் அதுதான் முக்கியமான இடம். மூத்த மாமியார் ஒன்பது சாவிகளையும் எண்ணி எண்ணிக் குத்திக்காட்டிப் பேசுவார். மருமகள் கையில் கொத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நிற்பாள்.

"அக்கா, புதுக் கண்ணுல சாவி ஒவ்வொண்ணும் தெரியுது. அத மூடிக்கிட்டுப் பழைய கண்ணுல பாத்தா, ஒரே பழுப்பு. சாவியும் தெரியல, வெரலும் தெரியல. சுவத்துப் பளபளப்புத்தான் கண்ணக் கூசுது." நாற்காலியிலிருந்து எழுந்தார். "செட்டியாருக்கு எண்பது. அவுக கூடப்பொறந்தவுக, பங்காளிக எல்லாம் எழுபத்தஞ்சு, எண்பத்தஞ்சு. மொத மூணு வரிசையில பாதிப் பேரு என்னோட பழைய கண்ணோடதான் வந்து உக்காருவாக."

அந்த இடத்தில்தான் பழைய ஹசன் ஏமாந்திருப்பார். வெளிச்சத்தில் நிறத்தை ஏற்றியிருப்பார். இவர் விளக்கைத் தொடவில்லை. அகல்யாவுக்குப் பின்னால் இருந்த பளபளச் சுவரை மறைத்துக் கறுத்த ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிடச் சொன்னார். பார்ப்பவர்கள் கண்ணில் நேராக அடித்த ஒரு விளக்கை அணைக்கச் சொன்னார். பக்கவாட்டிலிருந்து ஒன்றை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கி, அவள் கைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஒரு கண், மறு கண். சரி.

"சார், எறங்கலாம்" என்றார்.

"எறங்குறேன் பாய்."

"மதுரைக்குப் போன் போடணும்னீகளே. கீழ டவர் கெடைக்காது. மேலேயே போட்டுருங்க."

சார் ஒரு படி இறங்கி நின்றார். "வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முக்கால் மணி நேரம் உங்களுக்காகத் தொங்கியிருக்கேன். இதுக்கு மேல நான் என்ன எழுதியா கொடுக்கணும்?" என்றார்.

நாலாம் நாள் சாயங்காலம் நாடகம். வளவு நிறைய ஆட்கள். முன்வரிசையில் எண்பதாம் கல்யாணத் தம்பதி. மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஊன்றுகோல்கள், காது மெஷின்கள், கூலிங்கிளாஸ்கள். ஹசன் ஒரு தூண் ஓரத்தில் திருகுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் எட்டு மணிச் சொட்டு மருந்தை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன்.

எட்டாவது காட்சி. மாமியார் இருட்டிலிருந்து திட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் அகல்யாவின் முகத்திலும் கையிலும் மட்டும் இருந்தது. வளவில் சத்தமில்லை. செட்டியார் முன்னால் குனிந்து பார்த்தார். காது கேளாதவர்கள் ரகசியம் பேசும் குரலில் பக்கத்திலிருந்த தம்பியிடம் சொன்னார்:

"அந்தா பாரு, மூணாவது சாவி துருப்பிடிச்சிருக்கு."

வளவு முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள், மாமியாராக நடித்த அம்மாள்கூட இருட்டுக்குள் சிரித்துவிட்டார். அந்தச் சாவி உண்மையிலேயே துருப்பிடித்ததுதான். நாடகத்துக்காக வாங்கியிருந்த செட்டியார் வீட்டுப் பழைய அறைச் சாவி. ஹசன் திருகிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீகளா அக்கா? துரு. துருவே தெரிஞ்சிருக்கு அவருக்கு."

"கேட்டேன். கண்ணக் கசக்காதீக."

நாடகம் முடிந்ததும் சார் வந்து, ஐப்பசியில் குன்றக்குடியில் அடுத்த ஆட்டம் என்று தேதி சொன்னார். ஹசனிடம் கேட்கவில்லை, சொன்னார். ஹசனும் சட்டைப்பையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது வண்டியில் மெதுவாக ஆரம்பித்தார்.

"அக்கா, ரெண்டாவது கண்ண இப்ப தொட வேணாம்னு பாக்கிறேன்."

"நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கு வரச் சொல்லியிருக்காக."

"அதில்லக்கா. தொழிலுக்குச் சொல்றேன். ஒரு கண்ணு பழசா இருந்தாத்தானே வயசானவுகளுக்கு எப்படித் தெரியுதுன்னு பாக்க முடியும்? அளவுகோலு வேணும்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அஜீஸா சொன்னாள். "அளவுகோலுக்கு நான் இருக்கேன். எனக்கும் பொரை ஆரம்பிச்சிருக்குன்னு அக்கா போன வாரமே பாத்துச் சொல்லிருச்சு. எனக்கு முத்துறதுக்கு இன்னும் ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் ஒத்திகைக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க. தக்காளி எப்படி இருக்குன்னு நான் சொல்றேன்."



அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் ஆட்டோவோடு போய் நின்றபோது, குளியலறை தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஊசி ஞாபகம் வந்துவிட்டது போல. அஜீஸா கதவைத் தட்டி, "வரலைன்னா மெய்யநாதன் சாருக்குப் போன் போடட்டா?" என்று கேட்டாள். தாழ்ப்பாள் திறந்தது. வெளியே வந்தவர் இடுப்பில் பழைய நீலக் கைலி கட்டியிருந்தார். வெளுத்து எடுத்து வைத்திருந்த மூன்று கைலிகளை ஆஸ்பத்திரிக்குக் கட்டி அழுக்காக்க மனமில்லையாம்.

அந்த ஆஸ்பத்திரியில் அறுவைக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் உடுப்பும் நீலம்தான். வாசலில் நின்ற ஊழியர் ஹசனை மேலும் கீழும் பார்த்து, "டிரஸ் மாத்திட்டீகளா? அப்ப நேரா உள்ள வாங்கய்யா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். காத்திருந்த ஆறு பேருக்கு முன்னால்.

எட்டே காலுக்கு இடது கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு டாக்டர் கை நிழலைத் தன் மூக்கில் விழவைத்ததாகவும், ஒரு சாண் தள்ளி வைக்கத் தான் சொன்னதாகவும், அவர்கள் தள்ளி வைத்ததாகவும் சொன்னார். ஒன்பது மணிக்கு வீட்டில் படுக்க வைத்து, மருந்துத் தாளில் இடது கண்ணுக்கு ஒரு வரிசை சேர்த்து எழுதி ஒட்டினேன். அஜீஸா கூடையிலிருந்த தக்காளியையும் கத்தரிக்காயையும் எடுத்து நறுக்கினாள்.